பதினாறாம் இலக்க ஜேர்சியும் சித்தியின் மஞ்சளும்

1

திங்கட்கிழமை காலை அலுவலகக் கூட்டத்தில் வாயைத் திறந்தேன். காற்று மட்டும்தான் வந்தது. பக்கத்தில் இருந்தவர் தன் கதிரையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டு, தடிமனா, கொரோனாவா என்று கேட்டார். இரண்டும் இல்லை, சனிக்கிழமை என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். அப்படி ஒரு வருத்தத்தை அவர் கேள்விப்பட்டதில்லை போலும். கீழே 'றக்பி' என்று சேர்த்து எழுதினேன். உடனே கதிரை பழைய இடத்துக்கு வந்துவிட்டது. இந்த நாட்டில் எவரும் மறுபேச்சின்றி ஏற்றுக்கொள்ளும் மருத்துவச் சான்றிதழ் அதுதான்.

அந்தச் சனிக்கிழமை நான் ஒக்லண்டுக்கு வந்து நாலு வருடம் நிறைந்த நாளும்கூட. முதலாவது வருட நிறைவன்று விசா அலுவலகத்தின் மின்னஞ்சலைப் பார்த்துப் பார்த்து அழுதுகொண்டிருந்தேன். இரண்டாவது வருடம் வாடகை ஏறியதால் சாமான்களைக் கட்டிக்கொண்டு கிளென்ஃபீல்டுக்கு வீடு மாறினேன். மூன்றாவது வருடம் அந்த நாள் வந்து போனதே தெரியாது. நாலாவது வருடம் தொண்டை கிழியக் கத்தினேன். முன்னேற்றம் என்றுதான் நினைக்கிறேன்.

ஊரில் இருந்தவரை றக்பி பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான்: அது கண்டியிலும் கொழும்பிலும் விளையாடப்படுவது, பந்து முட்டை மாதிரி இருக்கும். எங்களுக்குக் கிரிக்கெட்டே போதுமாக இருந்தது. இங்கே வந்த பிறகு, எதையும் அரைகுறையாகத் தெரிந்து வைத்திருக்க முடியாத என் வியாதி முற்றிவிட்டது. விதிகளை வாசித்தேன், பழைய ஆட்டங்களைப் பார்த்தேன், பேருந்தில் முன்பின் தெரியாதவர்களோடு வாதாடினேன். இதற்கெல்லாம் காரணம் என் தம்பி கபிலன்.

கூடப்பிறந்தவன் அல்ல. அம்மாவின் தங்கை, ரானுயியில் இருக்கும் சித்தியின் ஒரே மகன். இங்கேயே பிறந்தவன், இருபது வயது. றக்பியில் அவனுக்கு 'ஹூக்கர்' என்ற இடம். ஊரில் இருக்கும் உங்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். எட்டுப் பேரும் எட்டுப் பேரும் தோளோடு தோள் பூட்டி ஒருவரையொருவர் தள்ளுவார்களே, அதற்கு ஸ்க்ரம் என்று பெயர். அதில் முன்வரிசையின் நடுவே மாட்டிக்கொண்டு நிற்பவன்தான் ஹூக்கர். பந்து பக்கக் கோட்டைத் தாண்டிப் போனால் அதைத் திரும்ப உள்ளே எறிவதும் அவன்தான். இரண்டு அணிகளும் இரண்டு வரிசையாக நிற்கும்; பந்து நடுவால் நேராகப் போக வேண்டும்; தன்னுடைய ஆளை மற்றவர்கள் ஆகாயத்தில் தூக்கிப் பிடிக்கும் அந்தக் கணத்தில் அவன் கைக்குப் போய்ச் சேரவும் வேண்டும். கொஞ்சம் பிந்தினால் பந்து எதிரிக்கு. கொஞ்சம் கோணினாலும் எதிரிக்கு.

2

சித்தப்பா பென்ரோஸில் ஒரு பண்டகசாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். கபிலனும் கிழமையில் சில நாட்கள் அங்கேதான் பெட்டி அடுக்கினான். மற்ற நேரமெல்லாம் ஜிம், பயிற்சி, கழக ஆட்டம். வேலை முடிந்து வந்ததும் இருவரும் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் வீட்டுக்குப் பின்பக்கம் போய்விடுவார்கள். சித்தப்பா புல்லின் நடுவே ஏணியை விரித்து வைத்து, அதில் ஏறி நின்று, இரண்டு கைகளையும் வானத்துக்குத் தூக்குவார். கபிலன் வேலியோரம் நின்று பந்தை எறிவான். ஆகாயத்தில் தூக்கப்பட்ட ஆளுக்குப் பதிலாகச் சித்தப்பா.

"இடக்கைப் பக்கம் போகுது."

"விண்ட் அப்பா."

"காத்து எனக்கும்தானே அடிக்குது? நான் என்ன இடக்கைப் பக்கம் போறனோ? திருப்பி எறி."

முதல் தடவை இதைக் கண்ட பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர், சித்தப்பா ஏதோ பிரார்த்தனை செய்கிறார் என்று நினைத்து, மரியாதைக்காகப் புல்வெட்டும் இயந்திரத்தை நிறுத்திவிட்டாராம்.

சித்திக்கு இதெல்லாம் பிடிக்காது என்று சொல்ல முடியாது. பிடிக்கும் என்றும் அவர் சொன்னதில்லை. குசினி யன்னலால் தலையை நீட்டி, "இஞ்சருங்கோ, உதாலை விழுந்து முறிஞ்சா ஆர் பாக்கிறது? வேலையிலையும் கிழடுகளைத் தூக்கி, வீட்டை வந்தும் தூக்கிறதோ?" என்பார். முதியோர் இல்லமொன்றில் அவருக்குப் பராமரிப்பு வேலை. அதே வாயால், "கபிலன், இடியப்பம் ஆறுது, வா" என்பார். ஒருமுறை அவன் சாப்பிடுவதை வீடியோ அழைப்பில் பார்த்துவிட்ட என் அம்மா, "அந்தச் சட்டி முழுக்க அவனுக்கோ?" என்று கேட்டார்.

கபிலனின் தமிழைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாம் தமிழில் கேட்பதற்கு அவன் ஆங்கிலத்தில் பதில் சொல்வான். இங்கே பிறந்த பிள்ளைகள் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். சித்தி இதை நினைத்துக் கவலைப்படுவார். எனக்கு அவ்வளவு கவலை இல்லை. ஏனென்றால் ஸ்க்ரத்தின் உள்ளே, பதினாறு தலைகள் ஒன்றோடொன்று நெரிபடும் அந்த இருட்டில், அவன் கத்துவது தமிழில். எதிரணிக்கு விளங்காதல்லவா? அவனோடு அதே கழகத்தில் சிறுவயதிலிருந்து விளையாடும் சியோனே என்ற தொங்கா தீவுக்காரப் பெடியனுக்கும் அதைப் பழக்கிவிட்டான். சியோனே முன்வரிசையில் கபிலனின் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்பவன்; ஒரு குளிர்சாதனப் பெட்டிக்குக் கால் முளைத்தால் எப்படி இருக்கும், அப்படி. அவனுக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச்சொல் 'தள்ளு'. அதைப் பிழையில்லாமல் சொல்வான்.

போன கிழமை செவ்வாய்க்கிழமை மாகாண அணியிலிருந்து அழைப்பு வந்தது. முன்வரிசையில் இரண்டு பேருக்குக் காயம். சியோனேக்கும் கபிலனுக்கும் ஒரு கிழமைக்கு மட்டும் ஒப்பந்தம். பயிற்சியாளர் கபிலனிடம் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார்: சனிக்கிழமை நீ பெஞ்சில் இருப்பாய், கடைசியில் கொஞ்ச நேரம் கிடைக்கும். அதில் என்ன செய்கிறாய் என்று பார்த்துவிட்டுத்தான், பருவம் முடியும்வரை உன்னை வைத்திருப்பதா, வேறு ஊரிலிருந்து அனுபவசாலி ஒருவரைக் கூப்பிடுவதா என்று முடிவெடுப்போம்.

ஒரு கால்மணி நேர ஆட்டம். பதினைந்து வருடப் பயிற்சிக்கு அவ்வளவுதான் மேடை. செவ்வாயிலிருந்து வெள்ளிவரை அந்த வீட்டில் யாரும் ஒழுங்காக நித்திரை கொள்ளவில்லை, கபிலனைத் தவிர.

3

இங்கே ஓர் அழகான வழக்கம் இருக்கிறது. முதன்முதலாக அணிக்கு விளையாடப்போகும் வீரனுக்கு, ஆட்டத்துக்கு முதல்நாள், பெற்றோர் கையால் ஜேர்சியைக் கொடுக்க வைப்பார்கள். முழு அணியும் வட்டமாக நிற்கும். குடும்பத்தில் ஒருவர் நாலு வார்த்தை பேச வேண்டும்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் கழக மண்டபத்துக்குப் போனோம். சித்தி கோயிலுக்கு உடுக்கும் பட்டுச்சேலை. சியோனேயின் அம்மா கறுப்புச் சட்டைக்கு மேல் இடுப்பைச் சுற்றி ஓலைப்பாய் போல நெய்த ஒன்றைக் கட்டியிருந்தார்; அவர்களுக்கு அதுதான் மரியாதை உடுப்பு. இரண்டு அம்மாக்களும் ஒருவரையொருவர் மேலும் கீழும் பார்த்து, திருப்திப்பட்டுத் தலையாட்டிக்கொண்டார்கள். அணி மேலாளர் ஒரு சின்ன அறையில் இரண்டு குடும்பத்திடமும் ஜேர்சிகளைக் கொடுத்து, ஐந்து நிமிடத்தில் கூப்பிடுகிறேன் என்று போனார். கபிலனுடையது பதினாறாம் இலக்கம். வெள்ளை வெளேரென்று ஜேர்சி.

நான் மண்டபத்தில் கதிரை பிடிக்கப் போய்விட்டேன். அந்த ஐந்து நிமிடத்தில் நடந்ததைச் சித்தி பிறகுதான் சொன்னார்.

புது உடுப்பின் மூலையில் மஞ்சள் தொடாமல் நம் வீடுகளில் யார் உடுத்தியிருக்கிறோம்? எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஊரில் ஒவ்வொரு தை மாதமும் புது வகுப்புக்குப் புது வெள்ளைச் சீருடை. முதல்நாள் காலை எங்கள் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளின் கொலருக்கு உள்ளேயும் ஒரு மஞ்சள் பொட்டு இருக்கும். மாணவத் தலைவி வரிசையாக வந்து உடுப்பு அழுக்கா என்று பார்ப்பாள். அவளுடைய கொலரிலும் இருக்கும். அதனால் யாரையும் ஒன்றும் சொல்லமாட்டாள்.

சித்தி கைப்பையிலிருந்து மஞ்சள் டப்பாவை எடுத்து, விரலால் தண்ணீர் தொட்டுக் குழைத்து, ஜேர்சியின் கீழ் மூலையில் பூசினார். பார்த்துக்கொண்டிருந்த சியோனேயின் அம்மா, என்ன அது என்று கேட்டார். சித்தி தன் ஆங்கிலத்தில், "நல்லதுக்கு. பிள்ளைக்கு ஒண்டும் நடக்காது" என்றார். அந்த அம்மாவுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. சியோனேயின் ஜேர்சியை நீட்டினார். சித்தி அதிலும் பூசினார்.

அப்போது உள்ளே வந்த சித்தப்பா அலறிவிட்டார். "உமக்கென்ன விசரே? அது வெள்ளை! ரீவியில வாற உடுப்பு!"

"ஒரு பொட்டுத்தானே."

"பொட்டோ? தோசையளவு கிடக்கு!"

ஜேர்சியைப் பறித்துக்கொண்டு கழிப்பறைக்கு ஓடியிருக்கிறார். கையலம்பும் சவர்க்காரத்தைப் பிழிந்து தேய்தேய் என்று தேய்த்திருக்கிறார். பக்கத்தில் நான் இருந்திருந்தால் தடுத்திருப்பேன். மஞ்சளில் சவர்க்காரம் பட்டால் என்ன ஆகும் என்று பள்ளி ஆய்வுகூடத்தில் செய்து பார்த்தவள் நான். சிவக்கும். குருதிச் சிவப்பு. அலசுவதற்குள் மேலாளர் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டார். ஜேர்சியைப் பிழிந்து, மடித்து, சிவந்த மூலையை உள்ளே வைத்துக்கொண்டு சித்தப்பா மண்டபத்துக்குள் வந்தார். அவர் நெற்றியில் வேர்வை. மேடைப் பயம் என்று நான் நினைத்தேன்.

பேச வேண்டிய ஆங்கில உரையை நான்தான் எழுதிக் கொடுத்திருந்தேன். கனவு, உழைப்பு, இரண்டு நாடுகள் என்று அழகாக எழுதியிருந்தேன். சித்தப்பா அதில் ஒரு சொல்லைக்கூடச் சொல்லவில்லை. மகனைப் பார்த்தார், சுற்றி நின்ற மலைபோன்ற ஆட்களைப் பார்த்தார், பென்ரோஸில் புது ஆளை வேலைக்குச் சிபாரிசு செய்வதுபோல ஆங்கிலத்தில் சொன்னார்: "இவன் நல்ல பையன். பாரம் தூக்குவான். நேரத்துக்கு வருவான். ஒருநாளும் லீவு கேட்டதில்லை. நன்றி."

அந்த மண்டபம் இடிந்து விழுவதுபோலக் கைதட்டல். அணித்தலைவர் சித்தப்பாவைக் கட்டிப்பிடித்துத் தரையிலிருந்து தூக்கிவிட்டார். அடுத்து சியோனேயின் குடும்பம் நாலு குரலில் ஒரு தேவாலயப் பாட்டுப் பாடியது. சித்தி என் காதில், "நாங்களும் ஒரு தேவாரம் படிச்சிருக்கலாம். இந்த மனுசன் லீவைப் பற்றிக் கதைச்சுப்போட்டு வருது" என்றார்.

காரில் வரும்போதுதான் இருவரும் உண்மையைச் சொன்னார்கள். உடனே கபிலனுக்குச் செய்தி அனுப்பினேன்: ஜேர்சியின் மூலையைப் பார், நன்றாக அலசு. ஆங்கிலத்தில் பதில் வந்தது: "பார்த்தேன் அக்கா. அம்மா வைத்ததை அலச மாட்டேன். கால்சட்டைக்குள் செருகிவிடுவேன்."

அவ்வளவு காலமும் இவனுக்குத் தமிழ் போய்விட்டது, பண்பாடு போய்விட்டது என்று புலம்பிய சித்தியிடம் அதை வாசித்துக் காட்டினேன். அவர் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

4

சனிக்கிழமை மழை. ஒக்லண்டில் இதை ஒரு செய்தியாக எழுதக் கூடாதுதான்.

என்னோடு கிளென்ஃபீல்ட் வீட்டில் அறை பகிர்ந்திருக்கும் நித்யாவும் வந்தாள். சென்னைக்காரி, மருத்துவத் தாதி, கிரிக்கெட் தவிர வேறெதையும் விளையாட்டென்று ஒப்புக்கொள்ளாதவள்.

"ஏய் துளசி, பந்த முன்னாடி தூக்கிப் போடவே மாட்டாங்களாடி? பின்னாடியே போட்டுட்டிருக்காங்க?"

"கையாலை முன்னுக்கு எறியக் கூடாது. அது சட்டம்."

"அப்ப முன்னாடி எப்படிப் போறது?"

"ஓடித்தான். இல்லாட்டித் தள்ளித்தான்."

"நம்ம ஊர் டவுன் பஸ் மாதிரின்னு சொல்லு. ஆமா, புரிஞ்சுது."

அவளுக்கு அதன்பிறகு எல்லாமே புரிந்துவிட்டது. இடைவேளைக்கு முன்னரே நடுவரைத் திட்டத் தொடங்கிவிட்டாள்.

எங்கள் அணி பின்தங்கியிருந்தது. கபிலன் பெஞ்சிலிருந்து எழும்பி ஓடிப் பார்ப்பதும் இருப்பதுமாக இருந்தான். அவன் எழும்பும்போதெல்லாம் சித்தியும் எழும்பினார். பின்னால் இருந்தவர்கள் முதலில் முணுமுணுத்தார்கள். இவர் அந்தப் பெடியனின் அம்மா என்று நித்யா சொன்னதும், அவர்களும் சேர்ந்து எழும்பத் தொடங்கினார்கள்.

கடைசிக் கால்மணி நேரம். அதுவரை ஆடிய ஹூக்கர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நொண்டினார். கோட்டருகே கபிலன் வந்து நின்றான். அவனுக்குப் பக்கத்தில் சியோனே. அவனும் அதே நேரம் இறங்குகிறான்.

இந்த இடத்தில் நம் பெயர்ச் சங்கதி ஒன்றைச் சொல்ல வேண்டும். நமக்கெல்லாம் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லையே. இங்கே எந்த அலுவலகத்திலும் அந்தப் பெட்டியில் அப்பாவின் பெயரைப் போட்டுவிடுவோம். பிறகு வாழ்நாள் முழுக்க வங்கியும் வைத்தியசாலையும் நம்மை அப்பாவின் பெயரால் கூப்பிடும். கபிலனுக்குப் பாலர் பாடசாலையிலிருந்தே அது பழக்கம். சித்தப்பாவுக்கு அன்றைக்குத்தான் அது உறைத்தது. ஒலிபெருக்கியில் அந்தக் கனத்த குரல், மைதானமெல்லாம் எதிரொலிக்க, நாவைச் சுழற்றிச் சுழற்றிச் சொன்னது:

"இலக்கம் பதினாறு... தே...வ...ரா...ஜா!"

சித்தப்பா சட்டென்று எழும்பி நின்றார். பள்ளிக்கூடத்தில் இடாப்பைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டதுபோல. தன்னைத்தான் கூப்பிட்டார்கள் என்று அவர் உடம்பு நினைத்துவிட்டது. பிறகு சுற்றிப் பார்த்தார். எங்கள் வரிசையும் பின்வரிசையும் கைதட்டிக்கொண்டிருந்தன, மைதானத்துக்குள் ஓடும் தேவராஜாவுக்காக. சித்தப்பா திரும்பக் கதிரையில் இருக்கவில்லை. ஆட்டம் முடியும்வரை நின்றுகொண்டே இருந்தார்.

5

முதல் ஸ்க்ரத்தில் கபிலன் நன்றாகத் தாக்குப்பிடித்தான். ஒருவனை மடக்கி வீழ்த்தினான். எதிரணியின் பக்கம் பந்தை நகர்த்தி நகர்த்திக் கொண்டுபோனார்கள். பந்து பக்கக் கோட்டைத் தாண்டியது, எதிரணியின் எல்லைக்கு மிக அருகே. எறிவது எங்கள் அணி. எறிய வேண்டியவன் கபிலன். இப்படி ஒரு வாய்ப்புக்காகத்தான் அவன் வந்திருக்கிறான். நான் நித்யாவின் கையை நசுக்கினேன்.

நடுவர் விசிலூதி நேரத்தை நிறுத்தினார். கபிலனை நோக்கிக் கையை நீட்டினார்.

ஸ்க்ரத்தில் ஜேர்சி வெளியே வந்துவிட்டிருந்தது. மழைத் தண்ணீர் பட்டு, உள்ளே ஊறிக் கிடந்த சவர்க்காரமும் மஞ்சளும் மறுபடி கரைந்து, இடுப்பிலிருந்து வயிறுவரை சிவப்பாகப் பரவியிருந்தது. எவர் பார்த்தாலும் இரத்தம் என்றுதான் சொல்வார்கள். இந்த விளையாட்டில் உடுப்பில் இரத்தம் இருந்தால் உள்ளே நிற்க விடமாட்டார்கள். வெளியே போய், காயத்தைக் கட்டி, சட்டையை மாற்றித்தான் வரலாம். அதற்குள் நொண்டியவர் முழங்காலைக் கட்டிக்கொண்டு திரும்பி வருவார், அவரே எறிவார், நேரமும் முடிந்துவிடும். கபிலனின் கால்மணி நேரம் சில நிமிடங்களோடு சரி.

"ஏன் பிள்ளை நிப்பாட்டினவை?" என்றார் சித்தி.

"இரத்தம் எண்டு நினைக்கினம்."

"ஐயோ, என்ர பிள்ளைக்கு இரத்தமோ!"

"இல்லைச் சித்தி. உங்கட மஞ்சள். சித்தப்பான்ர சவர்க்காரம்."

சித்தி கைப்பையைத் திறந்தார், மஞ்சள் டப்பாவை எடுத்தார், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு படிகளில் இறங்கிவிட்டார். வேலியருகே நின்ற காவலாளியிடம் டப்பாவைத் திறந்து காட்டி, மைதானத்தைக் காட்டி, மறுபடி டப்பாவைக் காட்டினார். அவர் வெகு பணிவாக, அம்மா, மைதானத்துக்குள் தூள் வீச அனுமதி இல்லை என்றார்.

உள்ளே என்ன பேசிக்கொண்டார்கள் என்பது எங்களுக்குக் கேட்கவில்லை. நடுவரின் சட்டையில் ஒலிவாங்கி இருக்கும். தொலைக்காட்சியில் எல்லாம் தெளிவாகக் கேட்கும். அந்தப் பகுதியை நான் பிறகு எத்தனை தடவை போட்டுப் பார்த்தேன் என்று கேட்காதீர்கள்.

"பதினாறு, இரத்தம். வெளியே போ."

"சேர், இது இரத்தம் இல்லை. மஞ்சள்."

"என்னது?"

"மஞ்சள், சேர். சமைக்கிறது. அம்மா ஆசீர்வதித்தார், அப்பா கழுவினார்."

நடுவர் வைத்தியரைக் கூப்பிட்டார். வைத்தியர் ஜேர்சியைத் தூக்கி வயிற்றைத் துடைத்துப் பார்த்தார். கீறல்கூட இல்லை. அப்படியும் நடுவரின் முகம் தெளியவில்லை. சிவப்பாக இருக்கிறதே, மஞ்சள் என்கிறாயே என்று அவர் கேட்கும்போதுதான் சியோனே முன்னால் வந்தான். தன் ஜேர்சியின் நுனியைக் கால்சட்டையிலிருந்து உருவி எடுத்துக் காட்டினான். சித்தப்பாவின் சவர்க்காரத்துக்குத் தப்பிய அசல் நிறம், அழகான மஞ்சள்.

"உனக்கும் அதே அம்மாவா?" என்றார் நடுவர்.

"இல்லை சேர். அதே தூள்."

நடுவர் சிரித்தது தொலைக்காட்சியில் கேட்கிறது. "உள்ளே செருகு, பதினாறு. ஆட்டத்தைத் தொடங்கலாம்."

கபிலன் கோட்டில் நின்று பந்தைத் தலைக்கு மேலே தூக்கினான். என் பக்கத்தில் சித்தப்பா, தன்னை அறியாமல், இரண்டு கைகளையும் வானத்துக்குத் தூக்கிக்கொண்டு நின்றார். மழையோடு நல்ல காற்றும் அடித்தது. பந்து கிளம்பியது. நடுவால், நூல் பிடித்தமாதிரி, உயரத்தில் தூக்கப்பட்டவனின் உள்ளங்கைக்குப் போய் ஒட்டிக்கொண்டது. அவன் கீழே இறங்கியதும் எல்லோரும் அவனைச் சுற்றிக் கட்டிக்கொண்டு ஒரே உடம்பாகத் தள்ளத் தொடங்கினார்கள். கபிலன் பின்னால் ஓடிப்போய் ஒட்டிக்கொண்டான். பந்து கைமாறிக் கைமாறி அவனிடம் வந்தது. அந்தக் கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு தொங்கன் குரல், இந்தத் தென்கோடி மைதானத்தில், தொலைக்காட்சியில் கேட்கும்படி:

"தள்ளு! தள்ளு! தள்ளு!"

நான் கத்தினேன். நித்யா கத்தினாள். பின்வரிசையில் இருந்த வெள்ளைக்காரர்கள் அது என்ன சொல் என்று தெரியாமலே "தல்லு, தல்லு" என்று கத்தினார்கள். என் தொண்டை போன இடம் அதுதான். அந்த மனிதக் குவியல் எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டி அப்படியே சரிந்தது. ஒருவர் மேல் ஒருவராக எழும்பினார்கள். அடியில் ஒருவன் மட்டும் எழும்பவில்லை. முகம் சேற்றில், நெஞ்சுக்குக் கீழே பந்து.

வேலியருகிலிருந்து சித்தியின் குரல் எனக்கே கேட்டது: "எழும்பு அப்பன்! எழும்படா!"

காவலாளி டப்பாவைக் கையில் வாங்கிக்கொண்டு, "அம்மா, அவர் நலமாக இருக்கிறார். புள்ளி எடுத்துவிட்டார், அதுதான் படுத்திருக்கிறார்" என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

6

ஆட்டத்தில் தோற்றுவிட்டோம். ஒரு புள்ளியால்.

மற்ற ரசிகர்கள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனார்கள். நாங்கள் நாலு பேரும் கல்யாண வீட்டிலிருந்து வருகிறவர்கள்போல வந்தோம். உடைமாற்றும் அறைகளின் பின்வாசலில் நின்றோம். சியோனேயின் அம்மா சித்தியைக் கண்டதும் கட்டிப்பிடித்துக் குலுக்கினார். பட்டுச்சேலையும் ஓலைப்பாயும் நனைந்து ஒட்டிக்கொண்டன. "அடுத்த முறை அதிகமாகப் பூசு" என்றார். சித்தி, "சவர்க்காரம் போடாமல் பாத்துக்கொள்ளுங்கோ" என்று தமிழிலேயே சொன்னார். சரி சரி என்று அவர் தலையாட்டினார்.

கபிலன் வெளியே வந்தான். ஒரு காதில் பஞ்சு, முழங்கையில் ஐஸ். சித்தி அவனுடைய முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தார், எங்காவது நிஜமாகவே இரத்தம் இருக்கிறதா என்று.

"ஐ'ம் ஃபைன், அம்மா."

"என்னடா ஃபைன்? ஏன் எழும்பேல்லை?"

அவன் யோசித்தான். பிறகு தமிழில், சொல் சொல்லாகத் தேடிச் சொன்னான்: "எழும்ப விருப்பம் வரேல்லை, அம்மா. கொஞ்ச நேரம் அதிலயே இருக்கோணும் போல கிடந்தது."

இங்கே வந்த நாளிலிருந்து அடுத்தது என்ன, அடுத்தது என்ன என்று ஓடிக்கொண்டிருப்பவள் நான். விசா, வேலை, வீடு, பிறகு வேறு வேலை. வந்து சேர்ந்த இடத்தில் கொஞ்ச நேரம் படுத்துக் கிடக்கலாம் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. அவனைப் பார்க்கக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

பயிற்சியாளர் வந்தார். தோற்ற முகம்தான். கபிலனின் தோளில் தட்டி, எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "திங்கள் காலை ஜிம்முக்கு வா. பருவம் முடியும்வரை இங்கேதான் நீ. சியோனேக்கும் சொல்லிவிட்டேன்." அவ்வளவுதான். திரும்பிப் போய்விட்டார்.

நித்யா என்னைப் பிடித்துக் குதித்தாள். சித்தி சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார். கபிலன் சேற்றுத் தலையோடு அப்பாவைப் பார்த்தான். சித்தப்பா யாரையும் பார்க்காமல், மழை படாதபடி சுவரோரமாக ஒதுங்கி, கைத்தொலைபேசியை எடுத்தார்.

"ஆருக்கு எடுக்கிறியள் இந்த நேரத்திலை?" என்றார் சித்தி.

"பென்ரோஸுக்கு. சுப்பர்வைசருக்கு."

மறுமுனையில் எடுத்துவிட்டார்கள். சித்தப்பா நிமிர்ந்து நின்று, தன் ஆங்கிலத்தில் சத்தமாகச் சொன்னார்: "ஹலோ, தேவராஜா கதைக்கிறேன். என்னுடைய மகன் திங்கட்கிழமை வரமாட்டான்."

அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். சுகமில்லையா என்று கேட்டிருக்க வேண்டும்.

"இல்லை, இல்லை. நல்ல சுகம்" என்றார் சித்தப்பா. தொலைபேசியைக் காதில் வைத்தபடியே மகனின் பக்கம் திரும்பினார். "அவனுக்கு வேலை இருக்கிறது."